39 ஜிபி கல்யாண வீடியோவை 6 ஜிபி ஆக்குவது எப்படி, அதுவும் படம் கெடாமல்

எங்கள் அக்காவின் கல்யாணம் 1994-ல் நடந்தது. அந்த மூன்று மணி நேர ஈ-180 விஎச்எஸ் கேசட் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு நடுவே கிடந்ததால் பூஞ்சை பிடிக்காமல் தப்பித்தது. போன வருடம் அதைக் கணினியில் ஏற்றினேன். ஃபைல் 39 ஜிபி வந்தது. இதை யாருக்கு அனுப்ப முடியும்? இணையத்தில் கிடைத்த ஏதோ ஒரு கன்வெர்ட்டரில் போட்டு 700 எம்பி ஆக்கினேன், போனில் ஓட்டிப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. பொங்கலுக்கு எல்லாரும் கூடியபோது பெரிய தொலைக்காட்சியில் போட்டால், கெட்டிமேளம் கொட்டி அட்சதை விழுகிற அந்த நொடியில் மாப்பிள்ளை முகம் சதுரம் சதுரமாக உடைந்து போனது. தாலி கட்டுகிற கை எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. "கேசட் பழசாயிடுச்சுப்பா" என்று அத்தை ஆறுதல் சொன்னார். கேசட் மேல் ஒரு தப்பும் இல்லை, எல்லாம் நான் செய்த வேலை.

அப்புறம் உட்கார்ந்து திரும்பத் திரும்பச் செய்து பார்த்துக் கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன். "தரம் குறையாமல் சுருக்குவது" என்று இரண்டு வேறு விஷயங்களைச் சொல்கிறார்கள், முதலில் அதைப் பிரித்துக்கொள்வோம். ஒன்று, ஒரு புள்ளிகூட மாறாமல் சுருக்குவது. எஃப்எஃப்வி1, ஹஃப்யுவ் போன்றவை அந்த வகை. ஆவணக் காப்பகங்கள் எஃப்எஃப்வி1 பயன்படுத்துகின்றன, நல்ல விஷயம்தான், ஆனால் அதில் சுமார் பாதி, மிஞ்சிப்போனால் மூன்றில் ஒரு பங்கு வரைக்கும்தான் இறங்கும். இன்னொன்று, கணக்குப்படி பார்த்தால் இழப்பு இருக்கும், ஆனால் சோபாவில் உட்கார்ந்து பார்க்கிற மனிதக் கண்ணுக்குத் தெரியாது. உறவினர்களுக்குக் கொடுக்கிற பிரதிக்கு இந்த இரண்டாவது போதும். மூலப் பிரதியை இப்படிச் சுருக்கிவிட்டு அழிக்கக் கூடாது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

சுருக்குவதற்கு முன் கையில் இருப்பது என்ன என்று பாருங்கள். மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் ஃபைலைத் திறந்தால் எல்லாம் சொல்லிவிடும். என்னுடையது டி.வி. ஃபைல். தொலைக்காட்சி டிவி இல்லை, டிஜிட்டல் வீடியோ என்பதன் சுருக்கம், 1995 வாக்கில் வந்த மினி கேசட் கேமராக்களின் ஃபார்மட். விசிஆரை, அதாவது கேசட் ஓட்டுகிற பெட்டியை, அப்படி ஒரு பழைய கேமராவில் இணைத்து, அதிலிருந்து கணினிக்கு எடுத்தேன். படத்துக்கு மட்டும் நொடிக்கு 25 மெகாபிட் (பிட் என்பது தகவலை அளக்கும் மிகச் சிறிய அலகு), ஒலியும் மற்றதும் சேர்த்து மணிக்கு 13 ஜிபி ஆகும். சுருக்கவே சுருக்காமல் எடுத்திருந்தால் மணிக்கு 75 ஜிபி பக்கம் வரும். அப்படி வைத்திருப்பவர்கள் தாராளமாக எஃப்எஃப்வி1-க்கு மாற்றி மூலப் பிரதியாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் டி.வி. ஃபைலை எஃப்எஃப்வி1-ல் போடாதீர்கள், அது ஏற்கெனவே சுருங்கியது என்பதால் ஃபைல் இன்னும் பெரிதாகத்தான் ஆகும். நான் செய்து பார்த்து முழித்தேன்.

கடையில் கொடுத்து டிவிடியாக வாங்கி வைத்திருக்கிறீர்களா? அப்படியென்றால் பெரும்பாலும் சுருக்காமல் விட்டுவிடுவதே நல்லது. 4.7 ஜிபி தட்டில் மூன்று மணி நேரத்தை அடைத்தால் ஒலியையும் சேர்த்து நொடிக்கு 3.5 மெகாபிட்தான் கிடைக்கும், அதுவும் பழைய எம்பெக்-2 முறையில். எலுமிச்சம்பழத்தை ஏற்கெனவே பிழிந்துவிட்டார்கள், தோலைப் பிழிந்து என்ன வரப்போகிறது. மேக்எம்கேவி என்ற மென்பொருளைப் போட்டு அப்படியே ஒரே ஃபைலாக எடுத்துக்கொள்ளுங்கள், போதும். கேசட்டை இனிமேல்தான் கடையில் கொடுக்கப்போகிறீர்கள் என்றால், கூடவே ஒரு ஹார்ட் டிஸ்க்கையும் கொடுத்து, "டிவிடி வேண்டாம், கேப்சர் செய்த ஃபைலை அப்படியே போட்டுத் தாருங்கள்" என்று கேளுங்கள். கேசட்டை ஓட்டிக் கணினியில் ஏற்றுவதைத்தான் கேப்சர் என்கிறார்கள்.

சரி, இப்போது நான் சறுக்கி விழுந்த இடம்: இன்டர்லேஸ். மீடியாஇன்ஃபோவில் 'ஸ்கேன் டைப்' என்ற வரியில் இந்த வார்த்தை இருக்கும். நம் ஊர் கேசட்டுகள் பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறையில் பதிந்தவை. 720-க்கு 576 புள்ளி, நொடிக்கு 25 படம். ஆனால் ஒவ்வொரு படமும் உண்மையில் இரண்டு பாதிப் படங்களின் பின்னல். ஒற்றைப்படை வரிகள் ஒரு கணத்தில் எடுத்தவை, இரட்டைப்படை வரிகள் நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு தள்ளி எடுத்தவை. பழைய குழாய் டிவியில் இது தெரியாது. கணினியில் நிறுத்திப் பார்த்தால் அசைகிற எதுவும் சீப்புப் பல் மாதிரி கோடு கோடாகத் தெரியும். அக்கா ஆரத்திக்குக் கை நீட்டுகிற இடத்தில் நிறுத்தினேன், வளையல்கள் எல்லாம் ரம்பம் மாதிரி இருந்தன.

இந்தப் பின்னலைப் பிரிக்காமல் சுருக்கினால் இரண்டு கெடுதல். சுருக்கும் மென்பொருள் அந்தச் சீப்புப் பற்களை உண்மையான நுணுக்கம் என்று நம்பி, இருக்கிற பிட்டையெல்லாம் அங்கே கொட்டும். அதோடு கூடவே படத்தின் அளவையும் மாற்றிவிட்டீர்கள் என்றால் இரண்டு பாதியும் ஒன்றோடொன்று குழைந்து போய்விடும், அப்புறம் யார் வந்தாலும் பிரிக்க முடியாது. என் 700 எம்பி ஃபைலில் நடந்தது இதுதான். அதனால் வரிசை முக்கியம்: முதலில் டீஇன்டர்லேஸ், அதாவது பின்னலைப் பிரிப்பது, மற்றதெல்லாம் பிறகு.

பிரிக்கும்போதும் ஒரு கஞ்சத்தனம் நடக்கிறது. பல மென்பொருள்கள் இரண்டு பாதிகளையும் சேர்த்து ஒரே படமாக்கி 25 ஆகவே வைத்துவிடும், அதாவது அசைவில் பாதியைக் குப்பையில் போட்டுவிடும். ஒவ்வொரு பாதியையும் ஒரு முழுப் படமாக்கி நொடிக்கு 50 படமாக எடுக்க வேண்டும். கல்யாண வீடியோவுக்கென்றே இருக்கிற அந்த வழுவழு ஓட்டம் அதில்தான் இருக்கிறது. 25-ல் பார்த்தால் நாதஸ்வரக்காரர் விரல்கள் தத்தித் தத்தி நகரும்.

நான் பயன்படுத்துவது ஹேண்ட்பிரேக், இலவசம். 'ஃபில்டர்ஸ்' பக்கத்தில் 'இன்டர்லேஸ் டிடெக்‌ஷன்' என்பதை 'ஆஃப்' ஆக்குங்கள். அது இருந்தால் தனக்குச் சந்தேகம் வந்த படங்களை மட்டும்தான் பிரிக்கும், நமக்கு எல்லாப் படமும் பிரிய வேண்டும். அடுத்து 'டீஇன்டர்லேஸ்' என்பதில் 'பிடபிள்யூடிஃப்' எடுங்கள், பழைய பதிப்பாக இருந்து அது இல்லையென்றால் 'யாடிஃப்' போதும், அதன் பிரீசெட்டை (முன்பே தயாராக இருக்கிற அமைப்பை) 'பாப்' என்று வையுங்கள். பிறகு 'வீடியோ' பக்கத்துக்குப் போய் ஃபிரேம் ரேட்டை (நொடிக்கு எத்தனை படம் என்பதை) கையால் 50 என்று மாற்றி 'கான்ஸ்டன்ட்' போடுங்கள். இதை மறந்தால், ஹேண்ட்பிரேக் திறந்ததும் தானாக வருகிற பிரீசெட் 30-க்கு மேல் விடாது, 50-ஐ 30-ஆக வெட்டி விக்கல் எடுக்க வைத்துவிடும்.

ஒரு நிமிடத்தைச் சுருக்கி, விஎல்சியில் திறந்து, ஆங்கில 'இ' விசையைத் தட்டித் தட்டி ஒவ்வொரு படமாக நகர்த்திப் பாருங்கள். யாராவது நடந்து போகிற இடமாக எடுத்துக்கொள்ளுங்கள். கால் முன்னே போய், பின்னே வந்து, மறுபடி முன்னே போனால் பாதிகளின் வரிசை தலைகீழாக இருக்கிறது என்று அர்த்தம். டி.வி. ஃபைலில் கீழ்ப் பாதி முதலில் வரும், நிறைய கேப்சர் கார்டுகளில் மேல் பாதி முதலில் வரும், ஃபைலில் எழுதியிருப்பது தப்பாக இருந்தால் மென்பொருளும் தப்பாகவே நம்பும். 'கஸ்டம்' என்று மாற்றி 'பாரிட்டி' எண்ணை மாற்றினால் சரியாகிவிடும்.

ஓரங்களை வெட்டுவது சின்ன வேலை, ஆனால் பலன் உண்டு. விஎச்எஸ் படத்தின் அடியில் சில வரிகள் எப்போதும் கிழிந்து நடுங்கிக்கொண்டே இருக்கும், டேப்பைப் படிக்கிற ஹெட் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிற இடம் அது. பழைய டிவி அந்த ஓரத்தைத் தன் சட்டத்துக்குள் மறைத்துவிட்டது, இப்போதைய திரையில் அப்படியே தெரியும். தற்செயலாக நடுங்குகிற அந்த வரிகளுக்கு நிறைய பிட் செலவாகிறது, கீழே 8 அல்லது 10 வரி, பக்கவாட்டுக் கறுப்புப் பட்டைகள் எவ்வளவோ அவ்வளவு, இரட்டை எண்களாக வெட்டிவிடுங்கள். தானாக வெட்டச் சொல்லாதீர்கள், இருட்டுக் காட்சியைப் பார்த்து மண்டபத்தையே வெட்டிவிடும். 'அனமார்ஃபிக்' என்பது 'ஆட்டோமேட்டிக்' ஆக இருக்கட்டும். படம் 4:3 ஆகத்தான் தெரிய வேண்டும். 16:9 திரை நிரம்ப வேண்டும் என்று இழுத்துவிட்டுச் சித்தப்பாவைக் குண்டாக்காதீர்கள். சரியா என்று பார்க்கச் சீர்வரிசைத் தாம்பாளம் நேராகத் தெரிகிற ஒரு காட்சியைத் தேடுங்கள், தட்டு வட்டமாக இருந்தால் சரி, முட்டையாக இருந்தால் புள்ளியின் விகிதத்தை 16:15 என்று கையால் கொடுங்கள். படத்தைப் பெரிதாக்கவும் வேண்டாம். விஎச்எஸ்ஸில் கிடைமட்டமாக உண்மையான நுணுக்கம் சுமார் 240 வரிதான், 720 புள்ளியே அதற்குத் தாராளம், 1080 ஆக்கினால் ஃபைல்தான் வீங்கும்.

இனி வருவதுதான் ஃபைல் அளவை உண்மையில் தீர்மானிக்கிறது: இரைச்சல். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் என்ன மாறியது என்பதை மட்டும் எழுதி வைத்துத்தான் எந்த வீடியோவும் சுருங்குகிறது. பந்தியில் எல்லாரும் உட்கார்ந்திருக்கிற காட்சியில் மாற்றமே இருக்கக் கூடாது, ஆனால் கேசட்டில் மாவு சலித்த மாதிரி ஒரு புள்ளிக் கூட்டம் ஒவ்வொரு படத்திலும் புதிது புதிதாக ஊர்ந்துகொண்டிருக்கும், சுருக்கும் மென்பொருளுக்கு அந்த மாவும் அக்காவின் மூக்குத்தியும் ஒன்றுதான், இரண்டையும் சமமாக மதித்துப் பிட்டைச் செலவழிக்கும். அதைக் கொஞ்சம் அடக்கிவிட்டால் அதே தரத்துக்கு ஃபைல் நன்றாக இறங்கும். ஹேண்ட்பிரேக்கில் 'டீநாய்ஸ்' என்பதில் 'என்எல்மீன்ஸ்' எடுத்து 'அல்ட்ராலைட்' அல்லது 'லைட்' போடுங்கள், 'டியூன்' பட்டியலில் 'டேப்' என்றே ஒன்று இருக்கிறது, நமக்காகத்தான். அதற்கு மேல் போகாதீர்கள். 'ஸ்ட்ராங்' போட்டுப் பார்த்தேன், எல்லார் முகமும் மெழுகு பொம்மை, தலையில் இருந்த மல்லிகைச் சரம் வெள்ளை ரிப்பன். கொஞ்சம் மாவு மிச்சம் இருக்கட்டும், அது இல்லாமல் போனால் கண்ணுக்கு ஏதோ ஏமாற்றியது போலவே இருக்கிறது.

இப்போதுதான் சுருக்கும் முறை. எச்.264 எந்தப் பழைய தொலைக்காட்சியின் யுஎஸ்பி துளையில் செருகினாலும் ஓடும், 2003-ல் வந்தது. எச்.265 அதைவிடச் சின்னதாக்கும், ஆனால் மாமா வீட்டு டிவி அதை எடுக்காமல் போகலாம். ஊருக்கே பங்கு போடப்போகிறீர்கள் என்றால் எச்.264-ஐ எடுங்கள், என் பேச்சைக் கேளுங்கள். பட்டியலில் 'எக்ஸ்264' என்று இருப்பதை எடுக்க வேண்டும். கிராஃபிக்ஸ் கார்டு பெயர் போட்டிருப்பவை பறக்கும், ஆனால் அதே தரத்துக்குப் பெரிய ஃபைல் கொடுக்கும். என்கோடர் பிரீசெட் 'ஸ்லோ' அல்லது 'ஸ்லோயர்'. ராத்திரி ஓடவிட்டுத் தூங்கப் போங்கள், அவசரம் ஒன்றும் இல்லை, முப்பது வருடம் காத்திருந்த கேசட்.

தரத்துக்கு 'கான்ஸ்டன்ட் குவாலிட்டி' என்ற நகர்த்தி. சராசரி பிட்ரேட்டைத் தொடாதீர்கள். "நொடிக்கு 2 மெகாபிட்" என்று சராசரி கட்டினால், ஸ்டூடியோக்காரர் போட்ட ரோஜாப்பூ டைட்டில் கார்டுக்குத் தேவைக்கு மேல் கிடைக்கும், அட்சதை விழுகிற இடத்தில் பட்டினி. தர எண்ணைக் கட்டினால் எந்தக் காட்சிக்கு எவ்வளவு வேண்டுமோ அதை மென்பொருளே எடுத்துக்கொள்ளும். எண் குறையக் குறையத் தரம் ஏறும், 6 ஏற்றினால் அளவு ஏறக்குறையப் பாதியாகும். எக்ஸ்264-க்கு 18-ல் ஆரம்பியுங்கள், எக்ஸ்265 என்றால் 20.

ஆனால் எண்ணை நான் சொன்னேன் என்று வைத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் கேசட்டிலேயே மோசமான ஒரு நிமிடத்தைக் கண்டுபிடித்து அதில் சோதியுங்கள். கல்யாண வீடியோவில் அது எங்கே இருக்கும் என்று தேடவே வேண்டாம். ஹோமப் புகை, அதன் மேல் ஹாலஜன் விளக்கு, பின்னால் சீரியல் செட் மினுக்கல், அரிசி மழை, பட்டுச் சரிகை எல்லாம் ஒரே சட்டத்தில் சேர்கிற முகூர்த்த நேரம்தான். இன்னொரு கொடிய இடம், மணமக்கள் முகம் இதய வடிவத்துக்குள் மெதுவாகக் கரைந்து ஊட்டி ரோஜாத் தோட்டம் வருகிற மிக்ஸிங். ஒன்று மங்கி இன்னொன்று தெளிகிற அந்த இரண்டு நொடியில் திரையில் எல்லாப் புள்ளியும் மாறுகிறது, சுருக்குகிறவர்களுக்கு அது சிம்ம சொப்பனம். ஹேண்ட்பிரேக்கில் எத்தனையாவது நொடியிலிருந்து எத்தனையாவது நொடி வரை என்று கொடுக்கலாம். அந்த ஒரு நிமிடத்தை 16, 18, 20, 22 என்று நான்கு தடவை எடுத்து, பென் டிரைவில் போட்டு, பெரிய திரையில் வழக்கமாக உட்காருகிற இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். எது எந்த எண் என்று உங்களுக்குத் தெரியாமல் வேறு யாராவது ஓட்டினால் இன்னும் நல்லது. நான் என் பையனை ஓட்டச் சொன்னேன். 16, 18, 20 மூன்றுக்கும் என்னால் வித்தியாசம் சொல்ல முடியவில்லை. 22-ல் ஹோமப் புகை படிக்கட்டு மாதிரி அடுக்கடுக்காக உறைந்து உறைந்து நகர்ந்தது, மண்டபத்தின் பின்பக்க இருட்டில் கட்டங்கள் எட்டிப் பார்த்தன. 20 போதும் என்று தெரிந்தும் மனசு கேட்கவில்லை, 18-ல் எடுத்தேன். 39 ஜிபி சுமார் 6 ஜிபி ஆனது, நொடிக்கு சராசரி 4.4 மெகாபிட்.

ஒலியில் மிச்சம் பிடிக்காதீர்கள். ஏஏசி 160 கிலோபிட் போட்டால் மூன்று மணி நேரத்துக்கும் சேர்த்து 216 எம்பிதான். 64-க்கு இறக்கினால் நாதஸ்வரம் தண்ணீருக்குள் வாசிக்கிற மாதிரி ஆகிவிடும், தவிலைவிட நாதஸ்வரம்தான் முதலில் கெடுகிறது. நிறைய கேசட்டுகளில் ஒலி மோனோ, கேப்சர் செய்யும்போது ஒரே ஒரு ஒயர் செருகியிருந்தால் இடது பக்கம் மட்டும்தான் கேட்கும். ஹெட்போன் போட்டுப் பாருங்கள், அப்படி இருந்தால் 'மிக்ஸ்டவுன்' பட்டியலில் 'மோனோ லெஃப்ட் ஒன்லி' எடுத்தால் இரண்டு காதிலும் வந்துவிடும்.

முழுதாக ஓடி முடிந்ததும் மூன்று இடத்தில் பாருங்கள்: ஆரம்பம், நடு, கடைசி ஐந்து நிமிடம். மொத்த நேரம் மூலத்தோடு ஒத்துப்போக வேண்டும், கடைசியில் பேசுகிறவர் வாயும் குரலும் சேர்ந்து வர வேண்டும். ஆரம்பத்தில் சரியாக இருந்து போகப் போக விலகினால் தப்பு சுருக்கியதில் இருக்காது, கேப்சர் செய்யும்போதே சில படங்கள் விடுபட்டுப் போயிருக்கும், மூலத்தையே ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மூல ஃபைலை அழிக்காதீர்கள் என்று சொன்னேன் இல்லையா. டீஇன்டர்லேஸ், டீநாய்ஸ் எல்லாம் திரும்பி வர முடியாத வேலை, நாளைக்கு இதைவிட நல்ல மென்பொருள் வந்தால் அதற்குக் கொடுக்க அந்த 39 ஜிபி வேண்டும். இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் போட்டு ஒன்றை அக்கா வீட்டில் வைத்திருக்கிறேன். கேசட்டையும் தூக்கிப் போடவில்லை. அதன் முதுகில் இருக்கிற சின்னப் பிளாஸ்டிக் நாக்கை உடைத்துவிட்டால் யாரும் மேலே பதிவு செய்ய முடியாது, அதை மட்டும் செய்துவிட்டேன்.

அனுப்புவது தனிக் கதை. வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது மறுபடி தன் இஷ்டத்துக்குச் சுருக்கும், நீங்கள் ராத்திரி முழுக்க ஓடவிட்டதெல்லாம் வீண். 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள், 2 ஜிபி வரை அப்படியே போகும். 6 ஜிபி போகாது என்பதால் நான் லாஸ்லெஸ்கட் என்ற மென்பொருளில் நிச்சயதார்த்தம், மாப்பிள்ளை அழைப்பு, முகூர்த்தம், வரவேற்பு என்று வெட்டினேன். அது திரும்பச் சுருக்காமல் அப்படியே அறுத்துக் கொடுக்கும், வெட்டு நீங்கள் நினைத்த இடத்துக்குச் சில நொடி முன்னே விழும், அவ்வளவுதான். அத்தைக்கு முகூர்த்தம் மட்டும் அனுப்பினேன், 11 நிமிடம், 360 எம்பி. அவர் தொலைக்காட்சியில் போட்டுப் பார்த்துவிட்டு, அட்சதை போடுகிற கூட்டத்தில் மூன்றாவது வரிசையில் நிற்கிறது தான்தான் என்று அடையாளம் சொன்னார்.